ஒரே வீடு, மூன்று விலைப்புள்ளி: மின்னணுப் பொருத்து வேலையில் எங்கே செலவழிப்பது, எங்கே குறைப்பது

சிங்கப்பூரில் புதிய பிடிஓ வீட்டின் (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அதாவது வீவக, முன்பதிவின்பேரில் கட்டித் தரும் வீடு) சாவி கைக்கு வந்ததும் பலரும் மூன்று, நான்கு இடங்களில் விலை கேட்கிறார்கள். ஏர்கான், தொலைக்காட்சி, வைஃபை, மின்னணுப் பூட்டு, கேமரா, விளக்குகள் என்று எல்லாரிடமும் கொடுப்பது ஒரே பட்டியல்தான். ஆனால் வரும் விலைகள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. சில வேளைகளில் ஒருவர் சொன்னதைப்போல இருமடங்கை இன்னொருவர் சொல்கிறார். மலிவாகச் சொன்னவர் ஏமாற்றுகிறாரா, கூடுதலாகச் சொன்னவர் கொள்ளையடிக்கிறாரா? போதாக்குறைக்கு ஐந்து டிக், பருவநிலைப் பற்றுச்சீட்டு, 10 கிகாபிட் இணையம் என்று செய்திகளில் வருவதெல்லாம் சேர்ந்து குழப்பத்தைக் கூட்டுகின்றன.

பெரும்பாலும் யாரும் ஏமாற்றவில்லை. அந்த மூன்று விலைப்புள்ளிகளும் மூன்று வெவ்வேறு வேலைகளுக்கானவை. மேலே எழுதியிருக்கும் தலைப்பு மட்டும் ஒன்றாக இருக்கிறது. எந்த இடத்தில் வேறுபடுகின்றன என்று படிக்கத் தெரிந்தால், கையில் இருக்கும் பணத்துக்குள் நல்ல வேலையை வாங்கிவிடலாம்.

விலைக்குள் என்னென்ன இருக்கின்றன

எந்தப் பொருத்து வேலையின் விலையிலும் நான்கு பங்குகள் உண்டு.

1. பெட்டியில் வரும் பொருள்: ஏர்கான், தொலைக்காட்சி, ரவுட்டர்.
2. துணைப்பொருள்: செம்புக் குழாய், கம்பி, காப்புறை, ட்ரங்கிங் (குழாயையும் கம்பியையும் மூடும் உறை), சுவரில் தாங்கும் பிராக்கெட்.
3. உழைப்பு: எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எந்தச் சோதனைகளைச் செய்கிறார்கள்.
4. பொறுப்பு: பழுதானால் யார் வருவார், எத்தனை ஆண்டு, யார் செலவில்.

வாடிக்கையாளர் ஒப்பிட்டுப் பார்ப்பது முதல் பங்கை மட்டும்தான். அதற்குத்தான் பெயரும் மாடல் எண்ணும் இணையத்தில் பார்க்கக்கூடிய விலையும் இருக்கின்றன. எனவே பொருத்துபவர் அதில் கைவைக்க முடியாது. "இன்னும் 300 வெள்ளி குறைங்க தம்பி" என்று கேட்கும்போது அந்த 300 வெள்ளி இரண்டாவது, மூன்றாவது, நான்காவது பங்குகளிலிருந்துதான் போகிறது. குழாய் மெலிகிறது, சோதனை சுருங்குகிறது, உத்தரவாதம் ஆறு மாதமாகிறது. இதை இருவரும் வாய்விட்டுப் பேசிக்கொள்வதே இல்லை. பேரம் பேசுவதில் தவறில்லை. எதிலிருந்து குறைகிறது என்று கேட்காமல் பேரம் பேசுவதுதான் ஆபத்து.

பணத்தை எந்த வரிசையில் போடுவது

இந்தக் கட்டுரையில் வரும் எல்லாக் கணக்குக்கும் ஒரே அளவுகோல்தான்: பின்னால் மாற்றுவது எவ்வளவு கடினமோ, அவ்வளவு நல்லதாக இப்போதே வாங்க வேண்டும்.

சுவருக்குள்ளும் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலும் தச்சு வேலைக்குப் பின்னாலும் போகிறவை, அடுத்த புதுப்பிப்புவரை அங்கேயே கிடக்கும். மின்கம்பி, தரவுக் கம்பி, ஏர்கான் குழாய், வடிகால் குழாய் எல்லாம் இந்த வகை. சுவரில் பொருத்தப்படும் ஏர்கான், தண்ணீர் சூடேற்றி, பூட்டு போன்றவற்றை மாற்றலாம், ஆனால் ஆள் வர வேண்டும். பிளக்கில் செருகும் தொலைக்காட்சி, சவுண்ட்பார், ரவுட்டர், ஸ்மார்ட் பல்பு ஆகியவற்றை எந்த வாரமும் மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வோர் ஆண்டும் விலை குறைந்து தரம் கூடுவதும் இவற்றில்தான்.

ஆக, முதல் வகையில் சமரசம் கூடாது. மூன்றாவது வகையில் தாராளமாகக் குறைக்கலாம். நடைமுறையில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். 77 அங்குலத் தொலைக்காட்சிக்குப் பணம் ஒதுக்கிவிட்டு, அதற்குப் பின்னால் போகும் கம்பியில் மிச்சம் பிடிக்கிறார்கள்.

முதலில்: வீடு எவ்வளவு மின்சுமை தாங்கும்

கடைக்குப் போவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது டிபி எனப்படும் மின் பகிர்வுப் பெட்டியை. சிங்கப்பூரில் மின்னழுத்தம் 230 வோல்ட். 1994க்கு முன் கட்டிய பல வீவக வீடுகளில் மெயின் சுவிட்ச் 30 ஆம்ப். 30ஐ 230ஆல் பெருக்கினால் 6.9 கிலோவாட் வருகிறது. 40 ஆம்ப் என்றால் 9.2 கிலோவாட். உடனடித் தண்ணீர் சூடேற்றி ஒன்றே சுமார் 3.3 கிலோவாட் இழுக்கும். அதோடு இண்டக்‌ஷன் அடுப்பும் ஏர்கானும் ஒரே நேரத்தில் ஓடினால் பழைய வீட்டின் எல்லை நெருங்கிவிடும். மறுவிற்பனை வீடு வாங்கியவர்களின் பட்ஜெட்டில் பெரும்பாலும் விடுபடும் செலவு, மெயின் சுவிட்சை உயர்த்துவதும் பழைய கம்பியை மாற்றுவதும்தான்.

இன்னொன்று ஆர்சிசிபி. மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தை வெட்டிவிடும் கருவி இது. வீடுகளுக்கு வேண்டியது 30 மில்லிஆம்ப் கசிவிலேயே வெட்டும் வகை. 2023 ஜூலை 1 முதல் எல்லாக் குடியிருப்புகளிலும் இது இருக்க வேண்டும் என்பது சட்டம். இல்லாத பழைய வீடுகளுக்கு 2025 ஜூலை 1 வரை அவகாசம் தரப்பட்டது. வீட்டின் நிலையான மின்கம்பி வேலையை எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின் ஊழியர்தான் செய்ய வேண்டும். "நானே பார்த்துக்கிறேன் அக்கா, உரிமத்துக்கு எதுக்குத் தனியா காசு" என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

ஏர்கான்: விலை வேறுபாடு ஒளிந்திருக்கும் இடம்

சிங்கப்பூர் வீடுகளின் மின்னணுச் செலவில் பெரும்பகுதி இதற்குத்தான் போகிறது. 'சிஸ்டம் 3' என்றால் வெளியே ஒரு கம்ப்ரெசர், உள்ளே மூன்று அறைகளில் மூன்று ஊதும் கருவிகள். ஒரே நிறுவனத்தின் ஒரே மாடல் சிஸ்டம் 3க்கு இரண்டு கடைகளில் பல நூறு வெள்ளி வித்தியாசம் வருவது ஏன்?

முதலில் குழாய். செம்புக் குழாயின் சுவர்த் தடிமன் 0.61, 0.71, 0.81 மில்லிமீட்டர் என்று கிடைக்கிறது. இப்போது விற்கும் ஏர்கான்களில் பெரும்பாலும் ஆர்32 என்ற குளிரூட்டும் வாயு. அதன் அழுத்தம் பழைய ஆர்22 வாயுவைவிட மிகவும் அதிகம். மெல்லிய குழாயை வளைக்கும்போது அது ஒடுங்கும், இணைப்பில் கசியும். வாயு மெதுவாகக் கசிந்தால் ஒவ்வோர் ஆண்டும் "கேஸ் டாப்-அப்" என்று காசு போய்க்கொண்டே இருக்கும்.

அடுத்தது காப்புறை, அதாவது குழாயைச் சுற்றிய கறுப்பு நுரை. முக்கால்வாசித் தகராறுகளின் வேர் இங்கேதான் என்பது என் கணிப்பு. நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் பல நாள்களில் 80 விழுக்காட்டைத் தாண்டிவிடும். குளிர்ந்த குழாயின் மேல் காப்புறை மெல்லியதாக இருந்தால் அதன் வெளிப்பக்கமே குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து நீராகச் சொட்டும். அது ட்ரங்கிங்குக்குள் ஓடி, சுவர்ப் பூச்சை ஊதச்செய்து, கடைசியில் அலமாரிப் பலகையை வீங்கவைக்கும். அப்புறம் சரிசெய்ய வேண்டுமானால் தச்சர் மூடிய பெட்டியைப் பிரித்தாக வேண்டும். அரை அங்குலக் காப்புறைக்கும் அதைவிட மெல்லியதற்கும் உள்ள விலை வித்தியாசம், அந்தத் தச்சுக் கூலியோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

மூன்றாவது, வெற்றிடமாக்குதல். குழாய்களை இணைத்ததும் உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். அதற்கு நேரமாகும். ஒரே நாளில் மூன்று வீடு முடிக்க வேண்டிய குழு இதைத்தான் முதலில் சுருக்கும். ஏர்கான் அன்றைக்கு நன்றாகக் குளிரும். ஈரம் தங்கிய கம்ப்ரெசரின் ஆயுள் குறைவது சில ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும். வீவக வீடுகளில் ஏர்கான் பொருத்துபவர் கட்டட, கட்டுமான ஆணையத்தின் பயிற்சி பெற்றவர் பட்டியலில் இருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. பெயரைக் கேட்டுச் சரிபார்ப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

எங்கே குறைக்கலாம்? எண்ணிக்கையிலும் அளவிலும் குறைக்கலாம். சாதாரணப் படுக்கையறைக்கு 9,000 பிடியூ (குளிரூட்டும் திறனின் அளவு) போதும். பெரிது வாங்கினால் நல்லது என்று நினைத்து 12,000 போட்டால் அறை சட்டென்று குளிர்ந்து கம்ப்ரெசர் அடிக்கடி தணிந்துவிடும். ஈரம் சரியாக வெளியேறாது. கூடத்தில் ஏர்கான் போட்டுவிட்டு மின்விசிறியிலேயே காலம் தள்ளும் வீடுகள் எத்தனையோ. கூடத்தை விட்டுவிட்டு சிஸ்டம் 2 போட்டு, மிச்சமான காசில் நல்ல குழாயும் தடித்த காப்புறையும் கேட்பதே என் பரிந்துரை.

டிக் கணக்கு வேறு. தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் எரிசக்தி முத்திரையில் டிக் கூடக் கூட மின்செலவு குறைவு, ஐந்து டிக் உச்சம். ஐந்து டிக் ஏர்கான் சராசரியாக 0.2 கிலோவாட் குறைவாக இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரவுக்கு 8 மணி நேரம் வீதம் ஆண்டு முழுவதும் ஓடினால் 584 யூனிட் மிச்சம். யூனிட் சுமார் 30 காசு என்றால் ஆண்டுக்கு 175 வெள்ளி. தினமும் ஓடும் அறைக்கு இந்தக் கணக்கு பொருந்தும். விருந்தினர் வந்தால் மட்டும் போடும் அறைக்குப் பொருந்தாது. ஆனால் மின்சாரத்தையும் தண்ணீரையும் மிச்சப்படுத்தும் சாதனங்களை வாங்க அரசாங்கம் தரும் பருவநிலைப் பற்றுச்சீட்டு இந்தக் கணக்கை மாற்றுகிறது. தகுதிபெறும் வீவக வீடுகளுக்கு 2024 ஏப்ரலில் 300 வெள்ளி, 2025 ஏப்ரலில் மேலும் 100 வெள்ளி, தனியார் வீடுகளுக்கு 2025 ஏப்ரலில் 400 வெள்ளி. 2027 டிசம்பர் 31 வரை செல்லும். ஐந்து டிக் ஏர்கானுக்கு இதைப் பயன்படுத்தலாம் என்பதால் கூடுதல் விலையில் ஒரு பகுதி இதிலேயே அடைபட்டுவிடும். பங்கேற்கும் கடையா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வைஃபை: வேகத்தைவிடக் கம்பி முக்கியம்

நாட்டின் கண்ணாடி இழைக் கட்டமைப்பை நொடிக்கு 10 கிகாபிட் வேகத்துக்கு உயர்த்தும் பணிக்கு அரசாங்கம் 100 மில்லியன் வெள்ளி வரை ஒதுக்கியது. 2024ன் நடுப்பகுதியில் தொடங்கிய திட்டம் அது. அதிலிருந்து 10 கிகாபிட் சந்தா விளம்பரங்கள் எங்கும் தெரிகின்றன. அந்த வேகம் கணினிவரை வந்து சேர வேண்டுமானால் ரவுட்டர், கம்பி, கணினியின் இணைப்புத் துளை என எல்லாமே 10 கிகாபிட்டைத் தாங்க வேண்டும். 4கே படம் ஓட நொடிக்குச் சுமார் 25 மெகாபிட் போதும். ஒரு கிகாபிட்டிலேயே நாற்பது படங்கள் ஓடலாம்.

வீட்டில் வைஃபை இழுபடுவதற்குக் காரணம் பெரும்பாலும் சந்தாவின் வேகமில்லை. சுவர்தான் காரணம். பாம் ஷெல்ட்டர் என்று நாம் சொல்லும், வீட்டுக்குள்ளேயே இருக்கும் புகலிட அறையின் சுவர் தடித்த கான்கிரீட், உள்ளே இரும்புக் கம்பி. 5 கிகாஹெர்ட்ஸ் அலையும் புதிய 6 கிகாஹெர்ட்ஸ் அலையும் அதைத் தாண்டத் திணறும். அந்தச் சுவரில் இஷ்டப்படி துளையிடவும் முடியாது, குடிமைத் தற்காப்புப் படையின் விதிகள் உண்டு. எனவே ரவுட்டரின் விலையைக் கூட்டிக்கொண்டே போவதைவிட, கடைசி அறைக்கு ஒரு கம்பியை இழுத்து அங்கே இன்னொரு சிறு வைஃபை முனையை வைப்பது மலிவு, உறுதியும்கூட.

எந்தக் கம்பி? தரவுக் கம்பி வகைகளில் கேட் 5இ கம்பி 100 மீட்டர்வரை ஒரு கிகாபிட் தாங்கும். கேட் 6 கம்பி குறுகிய தூரத்தில், சுமார் 55 மீட்டருக்குள், 10 கிகாபிட்டையும் தாங்கும். வீவக வீட்டுக்குள் அவ்வளவு தூரமே வராது. ஆகவே கேட் 6 தாராளம். அதற்கு மேலான கேட் 6ஏ கம்பி தடிப்பானது, ட்ரங்கிங்கில் வளைக்கச் சிரமம், வீட்டுக்குத் தேவையும் இல்லை. ஆனால் 'கேட் 6' என்று அச்சிட்டு, உள்ளே அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பியும் விற்கிறது. தரநிர்ணயம் கேட்பது முழுச் செம்பு. பூச்சுக் கம்பியில் மின்தடை அதிகம், எளிதில் முறியும், கம்பிவழியே மின்சாரம் பெறும் கேமராக்களுக்கு அது சூடாகும். பூச்சுக் கம்பியாக இருந்தால், மேற்பரப்பைக் கத்தியால் சுரண்டும்போது உள்ளே வெள்ளி நிறம் தெரியும். இழுப்பதற்கு முன்பே ஒரு துண்டு கேட்டுச் சுரண்டிப் பாருங்கள். கேட்பதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதவர் நல்ல பொருத்துநர்.

புதிய வீவக வீடுகளில் அறைகளுக்குத் தரவு இணைப்புப் புள்ளிகள் பெரும்பாலும் கட்டும்போதே வந்துவிடுகின்றன. அவற்றைச் சோதித்துப் பார்க்காமலே புதிதாகக் கம்பி இழுக்கச் சொல்வது வீண் செலவு.

தொலைக்காட்சி, கேமரா, பூட்டு

தொலைக்காட்சியில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. திரையை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அலங்காரச் சுவர் அமைப்பவர்கள் மட்டும் அதற்குப் பின்னால் ஓர் அகலமான காலிக் குழாயைப் போட்டு வையுங்கள். இன்று போடும் எச்டிஎம்ஐ கம்பி பத்து ஆண்டுக்குப் பிறகு பழசாகும், அப்போது குழாய் இருந்தால் புதியதை இழுத்துக்கொள்ளலாம். கனமான திரையை ஃபால்ஸ் பலகையில் தொங்கவிடுவதாக இருந்தால், பின்னால் தாங்கு சட்டம் வைக்கத் தச்சரிடம் முன்பே சொல்ல வேண்டும்.

கேமராவில் மலிவைத் தேடுவது பாதுகாப்பைத் தொடும். 2020ல் சிங்கப்பூர் வீடுகளின் கேமராக்களிலிருந்து திருடப்பட்ட காட்சிகள் ஆபாசத் தளங்களில் வெளிவந்த செய்தி பலருக்கு நினைவிருக்கும். அதே ஆண்டு அக்டோபரில் இணையப் பாதுகாப்பு அமைப்பு தொடங்கிய, சாதனம் எவ்வளவு பாதுகாப்பானது என்று காட்டும் முத்திரைத் திட்டத்தில் நான்கு நிலைகள் உண்டு. வைஃபை ரவுட்டர்களுக்கு இம்முத்திரை 2021 முதல் கட்டாயம். கேமராவுக்குக் கட்டாயம் இல்லாவிட்டாலும், குழந்தை தூங்கும் அறையில் வைப்பதற்கு முத்திரையுள்ளதையே வாங்குங்கள். எண்ணிக்கையைக் குறைத்தாலும் பரவாயில்லை. வாசலில் வைக்கும் கேமரா அண்டைவீட்டுக் கதவையோ சன்னலையோ நோக்கக் கூடாது. மின்னணுப் பூட்டுக்கு ஒன்றே ஒன்று: உங்கள் கதவு தீத்தடுப்புக் கதவாக இருந்தால், அந்த வகைக் கதவுக்குச் சோதிக்கப்பட்ட பூட்டா என்று எழுத்தில் கேளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வாங்கி வருபவை

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் விளக்குகள், ஊரிலிருந்து கொண்டுவரும் கிரைண்டர், மிக்ஸி. இந்தியாவிலும் இங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான் என்பதால் மோட்டார் ஓடும். ஆனால் அங்கிருந்து வரும் பிளக் வேறு. இங்குள்ள மூன்று சதுரக் கால் பிளக்குக்குள் ஃபியூஸ் இருக்கிறது, அந்தப் பிளக்கில் இல்லை. மலிவு அடாப்டரில் செருகி ஓட்டாமல், சரியான பிளக்கை மாற்றி, பொருத்தமான ஃபியூஸ் போட வேண்டும்.

சிங்கப்பூரில் 33 வகை வீட்டுச் சாதனங்கள் பாதுகாப்பு முத்திரை இல்லாமல் விற்கப்படக் கூடாது. ஏர்கான், தண்ணீர் சூடேற்றி, சோற்றுப் பானை, அடாப்டர் எல்லாம் அதில் அடங்கும். நீங்களே முத்திரையில்லாத பொருளை வரவழைத்துக் கொடுத்து "மாட்டிக் கொடுங்க" என்றால், பொருத்துநர் மறுப்பது நியாயம். பழுதானால் பொருளுக்கு அவர் பொறுப்பில்லை, ஆனால் பெயர் கெடுவது அவருக்குத்தான்.

இணை இறக்குமதிச் சாதனங்கள், அதாவது உற்பத்தியாளரின் உள்ளூர் முகவர் வழியாக அல்லாமல் கடைக்காரர் வேறு வழியில் வரவழைப்பவை, சட்டப்படியானவை, விலையும் குறைவு. அவற்றுக்கு உற்பத்தியாளரின் உள்ளூர் உத்தரவாதம் பொதுவாகக் கிடையாது, கடையின் உத்தரவாதம் மட்டுமே. தொலைக்காட்சிக்கு இதை ஏற்கலாம். சுவரில் பதிக்கும் எதற்கும் ஏற்க மாட்டேன்.

பால் காய்ச்சும் தேதி

நம்மவர்கள் வீட்டில் பட்ஜெட்டோடு சேர்ந்து வேலை செய்யும் இன்னொரு சக்தி நல்ல நாள். ஆடியிலும் மார்கழியிலும் குடிபோகாமல், அதற்கு முன்னாலோ தை பிறந்த பின்னாலோ எல்லாரும் தேதி குறிக்கிறார்கள். தேதி நெருங்க நெருங்க மூன்றாவது பங்கான உழைப்பு நேரம் சுருங்குகிறது. வேலையின் வரிசை இதுதான்: ஏர்கான் குழாய், மின் மற்றும் தரவுக் கம்பி, ஃபால்ஸ் சீலிங், தச்சு, வண்ணப்பூச்சு, கடைசியில் சாதனங்களை மாட்டுதல். அவசரத்தில் வரிசை கலைந்தால், அடித்த வண்ணத்தை மறுபடி அடிக்க வேண்டியிருக்கும்.

பால் காய்ச்ச அடுப்பும் விளக்கும் போதும். அன்றைக்கே ஐந்து கேமராவும் சவுண்ட்பாரும் வேலை செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முதல் வகை வேலைகளை நிதானமாக முடித்துவிட்டு, செருகும் பொருள்களைத் தீபாவளித் தள்ளுபடிக்குத் தள்ளிவைக்கலாம். பட்ஜெட்டும் மூச்சுவிடும்.

பட்ஜெட்டை எப்படிச் சொல்வது, எப்படிக் கேட்பது

தொகையைச் சொன்னால் அதையே விலையாக்கிவிடுவார் என்று வாடிக்கையாளர் மறைக்கிறார். கேட்டால் தப்பாக நினைப்பார் என்று பொருத்துநர் கேட்பதில்லை. விளைவு, இருவரும் ஊகத்தில் பேசுகிறார்கள். "அண்ணே, மொத்தம் 8,000 வெள்ளிதான் இருக்கு. இதுல எதை இப்போ செய்யலாம், எதைப் பிறகு செய்யலாம்?" என்று கேட்பது எவ்வளவோ மேல். இந்தக் கேள்விக்கு வரும் பதிலிலேயே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும்.

நாலறை வீடு, கணவன் மனைவி, ஒரு குழந்தை என்று எடுத்துக்கொள்வோம். மூன்று படுக்கையறைகளில் தினமும் தூங்கும் இரண்டுக்கு ஏர்கான், தடித்த குழாய், நல்ல காப்புறை. கட்டில் தலைமாட்டிலும் படிப்பு மேசையிலும் கூடுதல் மின்துளைகள். இருக்கும் தரவுப் புள்ளிகளைச் சோதித்து, இல்லாத மூலைக்கு மட்டும் கேட் 6. தொலைக்காட்சிச் சுவரில் காலிக் குழாய். இவ்வளவும் முதல் சுற்று. நடுத்தர விலையில் ரவுட்டர், பழைய வீட்டுத் தொலைக்காட்சியே தொடரலாம். பூட்டும் கேமராவும் அடுத்த ஆண்டு போனஸ் வந்ததும்.

விலைப்புள்ளியில் எழுத்தில் இருக்க வேண்டியவை:

1. மாடல் எண், உள்ளூர் உத்தரவாதமா, இணை இறக்குமதியா.
2. குழாயின் தடிமன், காப்புறையின் தடிமன், கம்பியின் வகை. 'நல்ல தரம்' என்ற சொல் எதையும் குறிக்காது.
3. எத்தனை மீட்டர்வரை விலைக்குள் அடங்கும், அதற்கு மேல் மீட்டருக்கு எவ்வளவு. இறுதிக் கட்டணம் எகிறுவது இங்கேதான்.
4. 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்ததா, சேராததா.
5. வேலைக்கு எத்தனை மாத உத்தரவாதம். பொருளின் உத்தரவாதம் வேறு, வேலையின் உத்தரவாதம் வேறு.
6. முன்பணம் எவ்வளவு, மீதி எந்தக் கட்டத்தில்.

தகராறு வந்தால்

2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த, லெமன் சட்டம் என்று அறியப்படும் விதிகளின்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது தொடக்கத்திலேயே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் விற்றவர். பழுதுபார்ப்பு, மாற்றுப்பொருள், விலைக்குறைப்பு, பணம் திரும்ப என்று கேட்க வழி உண்டு. சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை எடுத்துக்கொள்கிறது, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். அங்கே வழக்கறிஞர் கிடையாது, காகிதம்தான் பேசும். ஆகவே விலைப்புள்ளி, ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். சீலிங்கும் அலமாரியும் மூடப்படுவதற்கு முந்தைய நாள், சுவர் ஓரமாக அளவுநாடாவை வைத்து, கம்பியும் குழாயும் போகும் பாதையை அறை அறையாகப் படமெடுத்துக்கொள்ளுங்கள். வழக்குக்கு உதவாவிட்டாலும், நாளை தொலைக்காட்சி பிராக்கெட்டுக்குத் துளையிட வரும் ஆளுக்கு அது கட்டாயம் தேவைப்படும்.